லூப்பர்காலியா: ரோமானியரின் வசந்தச் சடங்குக்கு என்ன பொருள்?

கேள்வி இதுதான்: “காதலர் நாள் என்பது லூப்பர்காலியா என்ற பேகன் வசந்த விழாவின் மறுவடிவம் என்றும், அந்த விழாவில் ரோமானிய இளைஞர்கள் அரைநிர்வாணமாக ஓடிப் பெண்களைத் தோல்வாரால் அடித்தார்கள் என்றும் ஒவ்வொரு பிப்ரவரியிலும் வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. இது உண்மையா? உண்மையென்றால் அந்தச் சடங்குக்கு என்ன பொருள்?”

அடித்தது உண்மை. அந்த அடியை வாங்கிக்கொள்ளப் பெண்கள் தாமாகவே எதிரில் வந்து நின்றார்கள் என்பதும் உண்மை. காதலர் நாளோடு அதற்கு உறவு உண்டு என்பதற்கு மட்டும் சான்று கிடையாது. அதைப் பின்னால் பார்க்கலாம். பொருள் என்ன என்பதுதான் கடினமான பகுதி. கிறித்தவத்துக்கு முந்தைய ஐரோப்பாவின் எந்த வசந்த விழாவைப் பற்றிக் கேட்டாலும் ‘கருவளச் சடங்கு’ என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடும் பழக்கம் நூறாண்டுக்கும் மேலாக இருந்துவருகிறது. லூப்பர்காலியாவுக்கு அந்தப் பதில் பொருந்தவே பொருந்தாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது வாலைப் பிடித்துக்கொண்டு தலை என்று சொல்வது. சான்றுகளைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால், லூப்பர்காலியா அடிப்படையில் ஒரு கழிப்பு. ஊரையும் மந்தையையும் மக்களையும் பிடித்திருக்கும் பீடையை ஆண்டு முடிவதற்குள் வெளியேற்றும் சடங்கு. பெண்கள் கருவுறுவது அந்தக் கழிப்பின் பயன்களில் ஒன்றாக இடையில் வந்து சேர்ந்து, பிறகு மற்றவற்றையெல்லாம் மறைக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது என்பதே என் முடிவு.

நடந்தது என்ன என்பதிலிருந்து தொடங்குவோம். நாள் பிப்ரவரி 15. இடம், ரோம் நகரின் பலாட்டைன் குன்றின் தென்மேற்கு அடிவாரத்தில் இருந்த லூப்பர்கால் என்ற குகை. ஆற்றில் விடப்பட்ட இரட்டைக் குழந்தைகளான ரோமுலஸும் ரீமஸும் கரையொதுங்கி, ஒரு பெண் ஓநாயிடம் பால் குடித்து உயிர் பிழைத்த இடம் அதுவே என்பது ரோமானியர் நம்பிக்கை. சடங்கை நடத்தியவர்கள் லூப்பர்கி எனப்பட்டவர்கள். இவர்கள் கோயிலோடு கட்டுண்ட பூசாரிகள் அல்லர். நல்ல குடும்பங்களைச் சேர்ந்த ஆண்கள், பெரும்பாலும் இளைஞர்கள். குவிங்டியஸ் குலத்தின் பெயரில் ஓர் அணியும் ஃபாபியஸ் குலத்தின் பெயரில் ஓர் அணியுமாக இரண்டு அணிகள் இருந்தன.

குகையருகே வெள்ளாடுகளும் ஒரு நாயும் பலியிடப்பட்டன. வெஸ்டா தேவியின் கன்னிப் பூசாரிணிகள் தயாரித்த உப்பு கலந்த மாவும் படைக்கப்பட்டது. பிறகு நடந்ததை, கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியிலும் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் எழுதிய கிரேக்க ஆசிரியர் புளூட்டார்க் விவரிக்கிறார். உயர்குடி இளைஞர் இருவரை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஒருவர் இரத்தம் தோய்ந்த பலிக்கத்தியால் அவர்கள் நெற்றியைத் தொடுவார். தொட்ட உடனேயே வேறொருவர் பாலில் நனைத்த கம்பளியால் அந்தக் கறையைத் துடைத்துவிடுவார். துடைத்ததும் அந்த இருவரும் சிரிக்க வேண்டும். சிரிப்பு வந்தால் சிரிக்கலாம் என்பதல்ல, சிரித்தே ஆக வேண்டும் என்பது விதி. விருந்தும் மதுவும் முடிந்தபின், பலியிட்ட ஆடுகளின் தோலைக் கீற்றுகளாக அறுத்துக் கையில் எடுத்துக்கொண்டு, இடுப்பை மட்டும் மறைத்து, உடலெங்கும் எண்ணெய் பளபளக்க லூப்பர்கி ஓடத் தொடங்குவார்கள்; எதிர்ப்பட்டவர்களையெல்லாம் அந்தத் தோல்வாரால் அடித்துக்கொண்டே போவார்கள்.

எதிர்ப்பட்டவர்கள் என்பதில் ஆண்களும் அடக்கம். ஆனால் பெண்களின் நடத்தைதான் புளூட்டார்க்கின் கண்ணை ஈர்த்தது. உயர்குடிப் பெண்கள் பலர் வேண்டுமென்றே ஓட்டத்தின் வழியில் வந்து நின்று, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஆசிரியரிடம் கையை நீட்டுவதைப் போல இரண்டு கைகளையும் நீட்டி அடி வாங்கிக்கொண்டார்கள் என்று எழுதுகிறார். கருவுற்றிருப்பவளுக்குப் பிரசவம் எளிதாகும், கருத்தரிக்காதவளுக்குக் கரு தங்கும் என்பது நம்பிக்கை. அதே காலத்தில் ரோமில் வாழ்ந்த அங்கதக் கவிஞர் ஜுவெனலும், ஓடிவரும் லூப்பர்கஸிடம் (லூப்பர்கி என்பதன் ஒருமை) உள்ளங்கையை நீட்டுவதைக் குழந்தைப்பேற்றுக்கான வழக்கமான முயற்சியாகவே குறிப்பிடுகிறார். ஆகவே இது ஒரே ஒருவர் சொல்லிவிட்டுப்போன கதையல்ல; ரோமில் வழக்கமாகக் காணக்கூடிய காட்சி.

இந்த நம்பிக்கைக்குக் கவிஞர் ஓவிட் ஒரு தோற்றக் கதை தருகிறார். ரோமுலஸின் ஆட்கள் சபைன் இனப் பெண்களைக் கவர்ந்துவந்து மணந்துகொண்டார்கள். ஆனால் அந்த மணங்களில் குழந்தை பிறக்கவில்லை. கணவரும் மனைவியரும் எஸ்குவிலைன் குன்றின் அடியிலிருந்த ஜூனோ தேவியின் சோலைக்குப் போய் மண்டியிட்டார்கள். மரங்களின் உச்சி நடுங்கியது. “இத்தாலியத் தாய்மாரைப் புனிதக் கிடா புணரட்டும்” என்று ஒரு குரல் கேட்டது. கூட்டம் திகைத்து நின்றது. எட்ருஸ்கன் நாட்டிலிருந்து வந்த ஒரு குறிசொல்பவர் (அவருடைய பெயர் காலத்தில் தொலைந்துவிட்டது என்கிறார் ஓவிட்) ஒரு கிடாவை வெட்டி, அதன் தோலை வாராக அறுத்து, அதைக் கொண்டு பெண்கள் தங்கள் முதுகில் அடி வாங்கிக்கொள்ளும்படி சொன்னார். பத்தாம் மாதம் குழந்தைகள் பிறந்தன. அஞ்சத்தக்க ஒரு தெய்வ வாக்கை அதன் சொல்லையும் மீறாமல், பெண்களின் மானத்தையும் கெடுக்காமல் நிறைவேற்றிவிட்ட அந்த வெளியூர்க்காரரின் சாமர்த்தியம்தான் கதையின் உயிர். இந்தக் கதையை மட்டும் படிப்பவர், கிடாவின் வீரியம் தோல் வழியாகப் பெண்ணுக்குள் பாய்கிறது, சடங்கு முழுவதற்கும் அதுதான் பொருள் என்று முடிவுகட்டுவார். பெரும்பாலான விளக்கங்கள் இங்கேயே நின்றுவிடுகின்றன.

ஆனால் சடங்கு நடந்த நாளைக் கவனியுங்கள். பழைய ரோமானிய ஆண்டு மார்ச்சில் தொடங்கியது. பிப்ரவரி அதன் கடைசி மாதம். ஒருபுறம் அது உண்மையிலேயே வசந்தத்தின் வாசல்: வேளாண்மை பற்றி எழுதிய வர்ரோ பிப்ரவரி 7 அளவில் இளவேனில் தொடங்குவதாகக் கணக்கிடுகிறார், அந்த நாட்களில் வீசத் தொடங்கும் மேற்குக் காற்று மரஞ்செடிகளைச் சூல்கொள்ளச் செய்கிறது என்று இயற்கை பற்றி எழுதிய பிளினி சொல்கிறார். மறுபுறம் அது இறந்தோரின் மாதம். பிப்ரவரி 13 முதல் 21 வரை நீத்தாருக்கான பேரன்டாலியா நாட்கள். கோயில் கதவுகள் அடைத்திருக்கும், பலிபீடங்களில் தூபம் இராது, திருமணங்கள் நடக்கா, இறந்தவர்களின் நிழல்கள் வெளியே உலவிக் கல்லறைகளில் வைத்த உணவை உண்ணும் என்பது நம்பிக்கை. லூப்பர்காலியா இந்த நாட்களின் நடுவில் வருகிறது. திருமணமே கூடாத நாட்களுக்குள், குழந்தைப்பேற்றுக்கென்றே ஏற்பட்ட ஒரு விழாவை யாரும் கொண்டுபோய் வைக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். தீட்டும் பேயும் நோயும் மிகுந்த நாட்களில் அவற்றை விரட்டும் சடங்கை வைப்பார்கள் என்பதோ இயல்பாகப் பொருந்துகிறது.

ரோமானியர்களே இதைத்தான் சொன்னார்கள். தூய்மை செய்யப் பயன்படும் பொருள் எதுவானாலும் அதற்கு ‘ஃபெப்ருவா’ என்று பெயர். லூப்பர்கியின் கையிலிருந்த ஆட்டுத்தோலையும் அப்படியே அழைத்தார்கள். மாதத்தின் பெயரே அதிலிருந்து வந்தது. அன்றைய தினம் நிர்வாணமாக ஓடும் லூப்பர்கி பழைய பலாட்டைன் ஊரைத் தூய்மை செய்கிறார்கள் என்று வர்ரோ ஒரே வரியில் விளக்கம் தருகிறார். அதில் பெண்களைப் பற்றிப் பேச்சே இல்லை. கைநீட்டி நின்ற பெண்களைப் பற்றி எழுதிய அதே புளூட்டார்க்கும், நாளைப் பார்த்தால் இது கழிப்புச் சடங்காகத்தான் தோன்றுகிறது, பிப்ரவரியின் ஆகாத நாட்களில் அல்லவா இது நடக்கிறது என்று எழுதிவைத்திருக்கிறார். எல்லாவற்றையும்விட முக்கியமாக எனக்குப் படுவது ஃபெஸ்டஸ் என்ற அகராதி ஆசிரியர் வழியாக நமக்குக் கிடைத்துள்ள ஒரு சிறு குறிப்பு: லூப்பர்கி பெண்களை ‘ஜூனோவின் ஆடை’யால், அதாவது ஆட்டுத்தோலால், தூய்மை செய்தார்கள் என்கிறது அது. அடித்தார்கள் என்றோ கருவுறச் செய்தார்கள் என்றோ சொல்லவில்லை. ஊருக்குச் செய்த அதே கழிப்பையே பெண்களுக்கும் செய்தார்கள் என்கிறது. ரோமுக்குத் தெற்கேயுள்ள லானுவியத்தில் கோயில் கொண்டிருந்த ஜூனோவின் உருவம் தலையோடு சேர்த்து ஆட்டுத்தோலைப் போர்த்தியிருப்பது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம்.

ஆகவே கரு உண்டாவது எப்படி என்று ஒரு ரோமானியப் பெண்ணிடம் கேட்டிருந்தால், அவள் சொல்லியிருக்கக்கூடிய பதில் நாம் எதிர்பார்ப்பதிலிருந்து வேறுபட்டிருக்கும். தோல்வார் அவளுக்குள் புதிதாக எதையும் செலுத்தவில்லை. தடையாக நின்ற ஒன்றை நீக்கியது. வயிறு திறக்காமலிருப்பது, பிறக்கும் முன்பே குழந்தை இறப்பது, கன்று செத்துப் பிறப்பது, ஊரில் கொள்ளை நோய் வருவது எல்லாம் ஒரே வகைக் கேட்டின் பல வடிவங்கள். கேடு விலகினால் கரு தானே தங்கும், பயிர் தானே முளைக்கும். வசந்த விழா என்றாலே காமமும் களியாட்டமும் என்று எண்ணுகிறவர்களுக்கு இது சற்று வறண்ட விளக்கமாகத் தோன்றலாம். ஆனால் குழந்தை பெறுவதே உயிரைப் பணயம் வைப்பதாக இருந்த ஒரு சமூகத்தில், பெண்களின் முதல் கவலை கிளர்ச்சியாக இருந்திருக்காது, பாதுகாப்பாகவே இருந்திருக்கும்.

இனி ஆடும் நாயும் ஓநாயும். இந்தச் சடங்கில் நகரத்து வாசனையே கிடையாது. குகை, மந்தை விலங்கு, தோலாடை, காட்டோட்டம் எல்லாம் இடையர்களுடையவை. எந்தத் தெய்வத்துக்கு இந்த வழிபாடு என்பதிலேயே பழைய ஆசிரியர்களுக்குள் ஒற்றுமை இல்லை: ஓவிட் ஃபானஸ் என்கிறார், வரலாற்றாசிரியர் லிவி இனுவஸ் என்கிறார், கிரேக்க ஆசிரியர்கள் கிரேக்கத்தின் ஆர்க்கேடியாவிலிருந்து வந்த பான் என்கிறார்கள். மூவருமே காட்டுக்கும் மேய்ச்சலுக்கும் உரிய தெய்வங்கள் என்பதால், பெயரில் உள்ள குழப்பம் பொருளைக் கெடுக்கவில்லை. நாய்ப் பலியைப் பற்றிப் புளூட்டார்க் பல விளக்கங்களை வரிசையாக வைக்கிறார்: நாய் ஓநாய்க்குப் பகை, ஆகவே ஓநாயின் விழாவில் அது பலியாகிறது; அல்லது, அம்மணமாக ஓடுகிறவர்களைத் தெருநாய்கள் குரைத்துத் துரத்துகின்றன, அதற்குத் தண்டனை; அல்லது, இது கழிப்புச் சடங்கு, கழிப்புக்கு நாயைப் பலியிடுவது கிரேக்கரிடமும் உள்ள வழக்கம். இரண்டாவது விளக்கத்தை அவர் புன்னகையோடுதான் எழுதியிருக்க வேண்டும். மூன்றாவதற்கு ரோமிலேயே துணைச்சான்று உண்டு: கோதுமையில் துருநோய் வராமலிருக்க ஏப்ரல் 25 அன்று நடந்த ரொபிகாலியாவிலும் நாய்தான் பலி. அங்கும் நோக்கம் பயிரை வளர்ப்பதல்ல, நோயைத் தடுப்பதே.

இன்னொரு முரணும் கவனிக்கத்தக்கது. ரோமானியரின் முதன்மைத் தெய்வமான ஜுபிடரின் தலைமைப் பூசாரி வெள்ளாட்டையும் நாயையும் தொடக்கூடாது, அவற்றின் பெயரைக்கூட உச்சரிக்கக்கூடாது என்ற தடை இருந்தது. ஆயினும் ஆடும் நாயும் பலியாகும் இந்தச் சடங்கில் அவருக்குப் பங்கு உண்டு என்கிறார் ஓவிட். ஆண்டு முழுவதும் விலக்கி வைத்ததை ஒரு நாள் ஊருக்குள் அனுமதிக்கிறார்கள். கி.மு. 56-இல் ஒரு வழக்கில் வாதாடிய ரோமானியப் பேச்சாளர் சிசரோ, லூப்பர்கியை நாகரிகமும் சட்டமும் தோன்றுவதற்கு முன்பே காட்டில் கூடிய முரட்டு இடையர் கூட்டம் என்று கேலியாக வருணித்தார். கேலியில் உண்மையும் இருக்கிறது. நகரமாக மாறுவதற்கு முந்தைய ரோம் எப்படி இருந்தது என்று ரோமானியர் தமக்குத் தாமே நடித்துக் காட்டிக்கொண்ட நாள் இது. ஓட்டத்தின் பாதையைப் பற்றிக்கூட வினோதமான விளக்கங்கள் எழுந்தன: அவர்கள் புனித வீதியில் மேலே ஏறிக் கீழே இறங்குவது, வெள்ளத்துக்குப் பயந்து மக்கள் மலை ஏறியதையும் வெள்ளம் வடிந்ததும் இறங்கியதையும் குறிக்கிறது என்று சிலர் சொன்னதாகக் கிறித்தவ இறையியலாளர் அகஸ்டின் பதிவுசெய்திருக்கிறார். வேரை மறந்துவிட்ட ஒரு சடங்கை, அதைச் செய்கிறவர்களே எத்தனை விதமாக விளக்கிக்கொள்வார்கள் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இரத்தம், பால், சிரிப்பு ஆகிய மூன்றைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி ஊகம். இரத்தக் கத்தி இரட்டையர் அன்று சந்தித்த ஆபத்தையும், பால் அவர்களுக்குக் கிடைத்த ஊட்டத்தையும் நினைவூட்டுகின்றன என்கிறார் புளூட்டார்க். சிரிப்புக்கு அவர் விளக்கம் தரவில்லை. நெற்றியில் கத்தி படுவது இறப்பு, பால் படுவது மறுபிறப்பு, சிரிப்பு உயிர் திரும்பியதற்கு அடையாளம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர்கள் சொன்னார்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. இறந்தோர் உலவும் நாட்களில், பலிவிலங்கின் இரத்தத்தைத் தாங்கி, அதிலிருந்து விடுபட்டுச் சிரித்துக்கொண்டு வெளியே வருகிறவனுக்குத்தான் மற்றவர்களின் பீடையைக் கழிக்கும் தகுதி வருகிறது என்று கொண்டால் சடங்கின் வரிசையும் சீராக அமைகிறது: முதலில் ஓடுகிறவர்களின் தூய்மை, பிறகு ஊரின் தூய்மை.

பெண்கள் இந்தச் சடங்கின் மையத்துக்கு எப்போது வந்தார்கள்? இங்கேதான் சான்றுகள் உண்மையில் சுவையாகின்றன. லிவி தம் வரலாற்றின் முதல் நூலில், ரோமுலஸும் ரீமஸும் இளைஞர்களாக இருந்த காலத்திலேயே லூப்பர்காலியா நடந்ததாகவும், இளைஞர்கள் ஆடையின்றி விளையாட்டாக ஓடியதாகவும் எழுதுகிறார். அங்கே அடியும் இல்லை, குழந்தைப்பேறும் இல்லை. ஆனால் அவருடைய இரண்டாவது பத்து நூல்களில், பெண்களுக்கு நேர்ந்த மலட்டுத்தன்மையின் காரணமாக லூப்பர்காலியா ஏற்படுத்தப்பட்டது என்று ஒரு செய்தி இருந்திருக்கிறது. அந்த நூல்கள் இன்று இல்லை. அவற்றைப் படித்திருந்த ஐந்தாம் நூற்றாண்டுப் போப் ஒருவரின் கடிதத்தில் இந்தக் குறிப்பு தங்கியிருக்கிறது. அந்தப் பத்து நூல்களும் கி.மு. மூன்றாம் நூற்றாண்டைப் பற்றியவை. ஒரே ஆசிரியர் ஒரே விழாவுக்கு இரண்டு தொடக்கங்களைத் தர மாட்டார் என்றால், இரண்டாவது செய்தி விழாவின் தொடக்கத்தைப் பற்றியதாக இருக்க முடியாது. பெண்களை அடிக்கும் வழக்கம் அதில் சேர்க்கப்பட்டதைப் பற்றியதாகவே இருக்க வேண்டும். கி.மு. 276 வாக்கில் கருவுற்ற பெண்களையும் சினைப்பட்ட கால்நடைகளையும் தாக்கிய ஒரு கொள்ளை நோயைப் பற்றிக் கிறித்தவ வரலாற்றாசிரியர் ஒரோசியஸ் எழுதியிருப்பதோடு இதை இணைக்கும் ஆய்வாளர்களும் உண்டு. ஆண்டை உறுதியாகச் சொல்ல முடியாவிட்டாலும், குழந்தைகள் செத்துப் பிறந்த ஓர் அச்ச காலத்தில், ஏற்கெனவே இருந்த பழைய கழிப்பு பெண்களை நோக்கித் திருப்பப்பட்டது என்ற இந்த வாதம்தான் இதுவரை சொல்லப்பட்டவற்றில் உறுதியானது என்று நினைக்கிறேன். அப்படியானால் ஓவிட் சொல்லும் சபைன் பெண்கள் கதை, பின்னால் வந்த ஒரு மாற்றத்தை ரோமுலஸ் காலத்துக்கே கொண்டுபோய்ப் பழமையேற்றிய கதையாகிவிடுகிறது.

இதற்கு எதிரான பழைய கொள்கையையும் சொல்லிவிட வேண்டும். ஜெர்மன் அறிஞர் வில்ஹெல்ம் மன்ஹார்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய நாட்டுப்புற வழக்கங்களைத் திரட்டி, பச்சைக் கொம்பாலோ தோலாலோ அடிப்பது அடிபடுகிறவருக்குள் உயிராற்றலைச் செலுத்துவதாகும் என்று வாதிட்டார். செக் நாட்டில் இன்றும் ஈஸ்டர் திங்கட்கிழமை ஆண்கள் பின்னிய வில்லோ மிலாறுகளால் பெண்களை இலேசாக அடித்து, ஆண்டு முழுவதும் நலமாக இருக்கும்படி வாழ்த்துகிறார்கள். அடிபட்ட பெண் வண்ணம் பூசிய முட்டையைப் பரிசாகத் தருகிறாள். பார்ப்பதற்கு லூப்பர்காலியாவின் பேரப்பிள்ளை போலவே இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு எந்தச் சங்கிலியும் கிடைக்கவில்லை. ஒற்றுமை மட்டுமே உறவுக்குச் சான்றாகாது. மேலும் மிலாறு துளிர்க்கும் மரத்தினுடையது, வளரும் உயிர் அதில் இருக்கிறது என்று சொல்லலாம். லூப்பர்கியின் வாரோ அப்போதுதான் செத்த விலங்கின் தோல். மன்ஹார்ட்டின் கொள்கை முதலாவதற்குப் பொருந்தும் அளவுக்கு இரண்டாவதற்குப் பொருந்தவில்லை.

அரசியல் பொருளும் ஒன்று உண்டு. கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசரைச் சிறப்பிக்க மூன்றாவதாக ஓர் அணி சேர்க்கப்பட்டது. அதன் தலைவர் அந்த ஆண்டின் கான்சலாக (ரோமின் மிக உயர்ந்த ஆட்சிப் பதவியில்) இருந்த மார்க் ஆண்டனி. பிப்ரவரி 15 அன்று சீசர் பொன்னாசனத்தில் அமர்ந்து ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஓடிவந்த ஆண்டனி அரச முடிக்குரிய நாடாவை அவருக்கு நீட்டினார். கூட்டம் முனகியது, சீசர் மறுத்தார், கூட்டம் ஆரவாரித்தது. சரியாக ஒரு மாதத்தில், மார்ச் 15 அன்று, அவர் கொல்லப்பட்டார். ரோமின் முதல் அரசனாகச் சொல்லப்படும் ரோமுலஸின் குகையிலிருந்து ஓடிவரும் ஒருவர் அரச அடையாளத்தை நீட்டுவதற்கு அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. ஆண்டனி தற்செயலாக அந்த நாளைத் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. கான்சல் பதவியிலுள்ள ஒருவர் நிர்வாணமாக, எண்ணெய் பூசி, குடித்துவிட்டு மக்கள் முன் பேசினார் என்று சிசரோ பின்னர் வறுத்தெடுத்தார். ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் சீசர் தம் மனைவி கல்பூர்னியாவைத் தொட்டுவிட்டுப் போகும்படி ஆண்டனியிடம் சொல்லும் இடம் பலருக்கு நினைவிருக்கும். புளூட்டார்க்கில் அது இல்லை, நாடகாசிரியர் சேர்த்தது. ஆங்கிலம் வழியாக இந்த விழாவை அறிந்தவர்களுக்குக் குழந்தைப்பேறே அதன் முழுப்பொருள் என்ற எண்ணம் பதிந்ததில் அந்த ஒரு காட்சிக்குப் பங்கு உண்டு.

பின்னர் ரோமின் முதல் பேரரசரான அகஸ்டஸ் குகையைப் புதுப்பித்தார். மீசை அரும்பாத பையன்கள் ஓடக்கூடாது என்று தடையும் விதித்தார். 2007 நவம்பரில் பலாட்டைனில் அகஸ்டஸின் வீட்டுக்குக் கீழே சுமார் 16 மீட்டர் ஆழத்தில் சிப்பிகளும் மொசைக்கும் பதித்த ஒரு குடைவறையைக் கண்டதாகவும் அதுதான் லூப்பர்கால் என்றும் அறிவித்தார்கள்; இடம் பொருந்தவில்லை, அது ஓர் அலங்கார நீர்மண்டபம் என்று வேறு தொல்லியலாளர்கள் மறுத்தார்கள்.

பேரரசுக் காலத்தில் பெண்களை அடிப்பதே விழாவின் முகமாக மாறிவிட்டது. துனிசியாவின் எல் ஜெம்மில் கிடைத்த மூன்றாம் நூற்றாண்டு மொசைக் ஒன்றில் பன்னிரண்டு மாதங்களுக்கும் ஒவ்வொரு காட்சி உண்டு. பிப்ரவரிக்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது ஒரு பெண் அடிவாங்கும் காட்சி. ஐந்தாம் நூற்றாண்டின் நடுவிலும் நாட்காட்டிகளில் லூப்பர்காலியா இடம்பெற்றிருந்தது. அதைக் கண்டித்துப் போப் கெலாசியஸ் (பதவிக்காலம் 492–496) ஆண்ட்ரோமாக்கஸ் என்ற செனட்டருக்கு எழுதிய கடிதம்தான் நான் மேலே சொன்ன, லிவியின் குறிப்பைக் காப்பாற்றித் தந்த கடிதம். அதில் கவனிக்க வேண்டியது, விழாவைத் தொடர வேண்டும் என்று கேட்டவர்கள் பேகன்கள் அல்லர். ஞானஸ்நானம் பெற்ற கிறித்தவப் பெருங்குடியினர். அவர்கள் குழந்தைப்பேற்றைக் காரணம் காட்டவில்லை. சடங்கை முறையாகச் செய்யாததால்தான் ஊரில் நோயும் பஞ்சமும் வருகின்றன என்றார்கள். கெலாசியஸின் பதில் காரமானது: பேரரசர் அந்தேமியஸ் ரோமுக்கு வந்தபோது லூப்பர்காலியா நடந்துகொண்டுதானே இருந்தது, அப்போதும் கொள்ளை நோய் வரவில்லையா? அவ்வளவு நம்பிக்கை இருந்தால் கூலிக்கு இழிசனரைப் பிடித்து ஓடவிடுவானேன், உங்கள் முன்னோர் ஓடியதைப் போல நீங்களே அம்மணமாக ஓடுங்களேன்! எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பெண்களின் விழாவாக அறியப்பட்டிருந்த பிறகும், அதன் கடைசி ஆதரவாளர்கள் அதை ஊரின் பீடையைத் தடுக்கும் கழிப்பாகவே புரிந்துகொண்டிருந்தார்கள்.

கெலாசியஸ் கிறித்தவர்கள் அதில் பங்கேற்கக் கூடாது என்றார். அதற்குப் பதிலாக வேறொரு விழாவை நிறுவினார் என்பதற்கு அந்தக் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை, புனித வாலன்டைனின் பெயரும் இல்லை. பிப்ரவரி 14-ஐக் காதலோடு இணைக்கும் பழைய சான்று, பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய, பறவைகள் அந்த நாளில் இணை தேர்ந்தெடுப்பதாகச் சொல்லும் கவிதை. கெலாசியஸுக்கும் சாசருக்கும் இடையே ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டு இடைவெளி இருக்கிறது. ரோமானிய இளைஞர்கள் பெண்களின் பெயரைச் சீட்டுக் குலுக்கி எடுத்துச் சோடி சேர்ந்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திக்கும் எந்தப் பழைய ஆசிரியரிடமும் ஆதாரம் கிடையாது. புனிதர்களின் வரலாற்றைத் தொகுத்த ஆல்பன் பட்லர் என்ற ஆங்கிலக் கத்தோலிக்கப் பாதிரியார் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதியதிலிருந்து அது பரவியது.